வேலையும் பரீட்சையும் ஒரே நேரத்தில்: கணக்காளராகப் புறப்படும் எங்கள் பிள்ளைகளுக்கு

2022ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி இரவு சின்னம்மாவின் மகள் எனக்கு அழைப்பெடுத்தாள். நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு நடைமுறையில் இருந்த நாள் அது. மிரிஹானவில் அப்போதைய சனாதிபதியின் வீட்டுக்கு அருகே மக்கள் திரண்டிருந்தார்கள். கொழும்பின் பல பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு போடப்பட்டிருந்தது. அவள் பேலியகொடைப் பக்கம் ஒரு களஞ்சியத்துக்குள் நின்றாள்.

“அக்கா, நான் சாமான் எண்ணிக்கொண்டு நிக்கிறன். கரண்ட் இல்லை, போன் லைற்றிலதான் எண்ணுறம். ரோட்டில ஏதோ பிரச்சினையாம். விடியத்தான் போர்டிங்குக்குப் போகலாம் போல கிடக்கு. அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ.”

இலங்கையில் பெரும்பாலான கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அன்று களஞ்சியத்தில் உள்ள பொருட்களை எண்ணுவார்கள். எண்ணிக்கை சரிதானா என்று பார்க்கக் கணக்காய்வு நிறுவனங்கள் தங்கள் பயிலுநர்களை அனுப்பும். அவளும் அப்படிப் போனவள். அவளது பையில் வரிவிதிப்புப் புத்தகம் ஒன்றும் இருந்தது. சில வாரங்களில் பரீட்சை. எண்ணி முடித்தபின் விடியும்வரை ஒரு பெட்டியின் மேல் இருந்து அதைப் படித்ததாகப் பிறகு சொன்னாள்.

அந்த இரவுக்குப் பிறகு இந்தத் துறையைப் பற்றி நான் விசாரிக்கத் தொடங்கினேன். யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு ஆகிய இடங்களில் படித்துக்கொண்டே வேலை செய்பவர்களுடனும், இடையில் விட்டவர்களுடனும், முடித்தவர்களுடனும் பேசினேன். நான் படித்தது ஊடகக் கற்கை. ஐந்தொகையைச் சமப்படுத்த எனக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் ஒரே விடயத்தையே வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். தொழில்சார் கணக்காளர் ஆவதற்கு இரண்டு வரிசைகளில் நிற்க வேண்டும். ஒன்று பரீட்சை, மற்றையது பயிற்சி. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு முதல் வரிசை மட்டுமே தெரிகிறது. இரண்டாவது வரிசை இருப்பது தெரியவரும்போது இரண்டு, மூன்று வருடங்கள் போய்விடுகின்றன.

ஏன் இந்தத் துறை?

க.பொ.த. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஓர் ஆசிரியரும் கரும்பலகையும் கொப்பியும் போதும். போரினால் உடைந்த பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவை நடத்த முடியாத இடங்களிலும் கணக்கீடு படிப்பிக்க முடிந்தது. 2009க்குப் பின் வடக்கில் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கிளை திறந்தபோது கணக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கு வேலை இருப்பதை ஊர் கண்ணால் கண்டது.

இன்னொரு காரணமும் உண்டு. பல்கலைக்கழக அனுமதி வெட்டுப்புள்ளியில் நிற்கும். தொழில்சார் பரீட்சைக்கு வெட்டுப்புள்ளி இல்லை. உயர்தரத்தில் நினைத்த பெறுபேறு வராத பிள்ளைக்கும் அங்கே இடமுண்டு. எந்த வயதிலும் தொடங்கலாம். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதலாம்.

ஒரு காலத்தில் இந்தத் துறையில் எங்களுக்கு வழிகாட்ட ஆட்கள் இருந்தார்கள். கொழும்பின் கணக்காய்வு அலுவலகங்களில் தமிழ்க் கணக்காளர்கள் நிறைந்திருந்தார்கள். ஊரிலிருந்து போகும் பிள்ளைக்கு யாரோ ஒரு மாமா “ஆர்ட்டிகிள்ஸ்” எடுத்துக் கொடுப்பார். பயிற்சி ஒப்பந்தத்துக்கு அன்று அதுதான் பெயர். 1983 யூலைக்குப் பின் அவர்களில் பலர் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் போய்விட்டார்கள். அவர்களோடு அந்தத் தொடர்பும் போனது. இன்று முல்லைத்தீவிலிருந்து போகும் பிள்ளைக்கு அப்படி ஒரு மாமா இல்லை. அந்த மாமா சொல்லியிருக்கக்கூடிய விடயங்களைத்தான் இங்கே தொகுக்கப் பார்க்கிறேன்.

எந்தத் தகைமை எதற்கு?

விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்கானது.

*இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம்.* “சீ.ஏ.” என்று நாம் சொல்வது இதைத்தான். 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. சொந்தக் கணக்காய்வு அலுவலகம் நடத்தி, பெரிய கம்பனிகளின் கணக்காய்வு அறிக்கையில் கையொப்பமிட விரும்புபவருக்கு நேரான வழி இதுவே. பல நிலைகளில் பரீட்சைகள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமொன்றில் மூன்று வருடச் செயன்முறைப் பயிற்சியும் கட்டாயம். பரீட்சை எல்லாம் சித்தியடைந்தாலும் பயிற்சி இல்லாமல் அங்கத்துவம் கிடையாது.

*இலங்கைக் கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் கழகம்.* “ஏ.ஏ.ரி.” என்பது இதுதான். 1987இல் தொடங்கப்பட்டது. மூன்று நிலைகள் கொண்டது. தமிழ் மொழியில் எழுதலாம் என்பதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு இதிலுள்ள பெரிய நன்மை. உயர்தரம் முடிந்து பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே பலர் தொடங்குகிறார்கள். முடித்தவருக்குக் கணக்கு எழுதுநர், கணக்கு உதவியாளர் போன்ற வேலைகளில் கதவு திறக்கும். மேற்படிப்புக்குப் போனால் ஆரம்பப் பாடங்களில் விலக்களிப்பும் கிடைக்கும்.

*ஏ.சி.சி.ஏ.* 1904இல் பிரித்தானியாவில் உருவானது. விலக்களிப்பு எதுவும் இல்லாதவர் 13 பாடங்கள் எழுத வேண்டும். அறிவு நிலையில் மூன்று, திறன் நிலையில் ஆறு, இறுதி நிலையில் நான்கு. சித்திக்கு 50 புள்ளி. பிரதான பரீட்சைகள் மார்ச், யூன், செப்டெம்பர், டிசெம்பர் என வருடத்துக்கு நான்கு தடவை நடக்கின்றன. 36 மாத வேலை அனுபவமும் தேவை. அந்த அனுபவம் கணக்காய்வு அலுவலகத்தில்தான் கிடைக்க வேண்டும் என்றில்லை. ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்தாலும் கணக்கில் எடுக்கலாம். வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்கள் இதைத் தெரிவுசெய்கிறார்கள்.

*சீமா.* 1919இல் பிரித்தானியாவில் தொடங்கிய முகாமைக் கணக்காளர் நிறுவகம். கணக்காய்வை விட, ஒரு நிறுவனத்துக்குள் இருந்து செலவையும் திட்டத்தையும் முடிவுகளையும் கையாளும் வேலைக்கானது. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் ஒரு கம்பனியின் நிலைமையை வைத்துக் கேட்கும் பரீட்சை உண்டு. மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும். இதே முகாமைக் கணக்கீட்டுக்கு இலங்கையிலேயே “சீ.எம்.ஏ.” என்ற தகைமையும் இருக்கிறது.

*அரச வழிகள்.* உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களில் கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா இலவசமாகப் படிக்கலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இந்த நிறுவகங்கள் இருக்கின்றன. பட்டமோ குறித்த தொழில்சார் தகைமையோ உள்ளவர்கள் இலங்கைக் கணக்காளர் சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சைக்கும் தோற்றலாம். அதைத் தமிழிலும் எழுதலாம். வர்த்தமானி அறிவித்தலைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாடத்திட்டங்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். ஆதலால் நிலைகளின் பெயர், பாடங்களின் எண்ணிக்கை, விலக்களிப்பு, கட்டணம் ஆகியவற்றை ரியூட்டரியின் துண்டுப்பிரசுரத்தை நம்பாமல் அந்தந்த நிறுவகத்தின் இணையத்தளத்திலேயே பாருங்கள்.

இரண்டாவது வரிசை

தங்கச்சி 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே நான்காம் வகுப்புப் படித்தவள். சின்னம்மாவின் கணவர் அந்த முகாமுக்கு வந்து சேரவில்லை. 2018இல் உயர்தரம் எடுத்தாள். ஏ.ஏ.ரி.யைத் தமிழில் முடித்தாள். பிறகு சீ.ஏ. பதிவு. ஆரம்பப் பாடங்கள் சித்தி. வீட்டில் எல்லோரும் பாதித் தூரம் வந்துவிட்டதாக நினைத்தோம்.

ஒருநாள் அவள் கேட்டாள்: “அக்கா, சோதினை பாஸ் பண்ணினாலும் பயிற்சி கிடைக்காட்டி என்ன செய்யிறது?”

அதுவரை அவள் ஒரு நிறுவனத்துக்கும் விண்ணப்பிக்கவில்லை. எல்லாப் பாடமும் முடிந்த பிறகுதான் பயிற்சி தேட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது பிழை. மூன்று வருடப் பயிற்சியும் பரீட்சைகளும் பக்கத்தில் பக்கமாக ஓட வேண்டியவை. பரீட்சையை முடித்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்கினால் மூன்று வருடம் தனியாகக் கூடும். அதைவிட முக்கியமானது இன்னொன்று. கணக்காய்வை அலுவலகத்தில் செய்து பார்க்காமல் மேல்நிலை வினாத்தாளுக்கு விடை எழுதுவது கடினம். அங்கே கேட்பது பாடமாக்கியதை அல்ல. இந்தக் கம்பனியில் இந்த நிலைமை வந்தால் என்ன செய்வாய் என்பதை.

அவள் 17 இடங்களுக்கு விண்ணப்பித்தாள். நான்கு இடங்களில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். ஓரிடத்தில் கணக்கீட்டில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கொழும்பில் எங்கே தங்குவாய், இரவில் வேலை செய்ய வீட்டில் விடுவார்களா, சிங்களம் தெரியுமா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். நான்காவது இடத்தில் எடுத்தார்கள்.

பயிற்சி தேடும்போது கவனிக்க வேண்டியவை என்று முடித்தவர்கள் எனக்குச் சொன்னவை இவை:

• நிறுவனம் பயிற்சி வழங்க அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத அலுவலகத்தில் எத்தனை வருடம் வேலை செய்தாலும் அது பயிற்சியாகச் சேராது.

• கொழும்பு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற நகரங்களிலும் பட்டயக் கணக்காளர்கள் அலுவலகம் நடத்துகிறார்கள். அங்கே வீட்டிலிருந்து போய் வரலாம். பெரிய கம்பனிகளின் கணக்கைப் பார்க்கும் வாய்ப்பு கொழும்பில் அதிகம். இரண்டுக்கும் உள்ள இலாப நட்டத்தை வீட்டு நிலைமையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

• ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மாதக் கொடுப்பனவு எவ்வளவு, பரீட்சை விடுமுறை எத்தனை நாள், வெளியூர் வேலைக்கான பயணச் செலவு யாருடையது. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

• பயிற்சிப் பதிவுகளை வாரா வாரம் எழுதி மேற்பார்வையாளரிடம் ஒப்புதல் எடுங்கள். மூன்றாவது வருடத்தில் முதலாவது வருடத்து வேலையை ஞாபகப்படுத்தி எழுதுவது பெரிய வதை. அதற்குள் மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போயிருக்கவும் கூடும்.

மொழி

தமிழில் கணக்கீடு படித்த பிள்ளைக்கு முதல் நாள் அலுவலகத்தில் காத்திருப்பது கணக்கல்ல, பெயர்கள். பெறுமானத் தேய்வு தெரிந்தவளுக்கு டிப்ரிசியேஷன் என்றால் விளங்காது. அட்டுறு செலவை நன்றாகச் செய்பவள் அக்ருவல் என்று யாராவது சொன்னதும் விழிப்பாள். வங்கிக் கணக்கிணக்கக் கூற்று அங்கே பேங்க் ரெக்கன்சிலியேஷன். கடன்பட்டோர் ரிசீவபிள்ஸ், கடன்கொடுத்தோர் பேயபிள்ஸ். விடயம் ஒன்றுதான். ஆனால் முதல் மாதம் முழுக்க ஒன்றுமே தெரியாதவள் போல இருந்ததாகத் தங்கச்சி சொன்னாள்.

அவள் ஒரு கொப்பியை நடுவில் கோடு கீறிப் பிரித்தாள். இடப் பக்கம் உயர்தரப் புத்தகத்தின் தமிழ்ச் சொல், வலப் பக்கம் அலுவலகச் சொல். ஒரு நாளைக்கு ஐந்து சொல். மூன்று மாதத்தில் கொப்பி நிறைந்தது. “எனக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு அக்கா, பேர்தான் தெரியேல்லை” என்றாள். இதை ஏ.ஏ.ரி. படிக்கும்போதே தொடங்கியிருந்தால் முதல் மாதம் அப்படிக் கூனிக் குறுகியிருக்க வேண்டியதில்லை.

சீ.ஏ.யில் மேல்நிலைகளுக்குப் போகும்போது ஆங்கிலம் மட்டுமே. ஏ.சி.சி.ஏ.யும் சீமாவும் தொடக்கம் முதலே ஆங்கிலம். இலக்கண ஆங்கிலத்தை விட இங்கே தேவைப்படுவது ஒரு நிலைமையை நான்கு வரியில் விளக்கி எழுதும் ஆங்கிலம். பழைய வினாத்தாள்களின் மாதிரி விடைகளைப் பார்த்து எழுதிப் பழகியே பலர் இதைக் கடந்திருக்கிறார்கள். சீ.ஏ., ஏ.ஏ.ரி. நிறுவகங்கள் பரீட்சைக்குப் பின் மாதிரி விடைகளை வெளியிடுகின்றன. ஏ.சி.சி.ஏ. தனது பரீட்சகர் அறிக்கைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பரீட்சார்த்திகள் எங்கே பிழை விட்டார்கள் என்று அவற்றில் பச்சையாக எழுதியிருப்பார்கள்.

சிங்களமும் தேவைப்படும். தொழிற்சாலைக் களஞ்சியத்தில் பொருளை எண்ணப் போனால் களஞ்சியப் பொறுப்பாளரோடு பேச வேண்டும். கைச்சீட்டுகள் சிங்களத்தில் இருக்கும். எண்களையும் மாதப் பெயர்களையும் நாற்பது, ஐம்பது சொற்களையும் முதலில் பிடித்துக்கொண்டால் மிச்சம் வேலையோடு வரும்.

காசு

இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். பயிலுநரின் கைக்கு வருவது கொடுப்பனவு. முழுச் சம்பளம் என்று நினைத்துப் போகக் கூடாது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ போர்டிங், சாப்பாடு, பஸ், வகுப்புக் கட்டணம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் போக முதல் வருடத்தில் ஒன்றும் மிஞ்சாது. பலருக்கு வீட்டிலிருந்து காசு வர வேண்டியிருந்தது.

சின்னம்மா வீட்டு வாசலில் வாரா வாரம் நுண்நிதிக் கம்பனிக்காரர் வந்து நிற்கும் காலம் அது. மாட்டுக் கொட்டில் போட எடுத்த கடன், அதைக் கட்ட எடுத்த இன்னொரு கடன். மூத்த பிள்ளை கொழும்பில் “வேலை” என்றதும் அயலில் எல்லோரும் இனி அந்தக் கடன் தீர்ந்துவிடும் என்று நினைத்தார்கள். மாதம் முடிய அவளால் 2,000 ரூபாகூட அனுப்ப முடியவில்லை. கிளிநொச்சியில் ஒரு கடையில் காசாளராக இருந்திருந்தால் அதைவிடக் கூட அனுப்பியிருப்பாள். இரண்டு தடவை விட்டுவிட்டு வரப் பார்த்தாள். படிப்பில் கெட்டிக்காரரான பிள்ளைகள் இடையில் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்தப் பெயர்கள் சித்தியடைந்தோர் பட்டியலிலும் வருவதில்லை, தவறியோர் கணக்கிலும் வருவதில்லை.

ஆகவே பதியும் முன் வீட்டாரோடு இருந்து ஒரு கணக்கெழுதுங்கள். பயிற்சியின் முதல் 18 மாதங்கள் வீட்டுக்கு ஒன்றும் வராது என்று வைத்துக்கொண்டால் வீடு தாங்குமா? தாங்கும் என்றால் நேரே சீ.ஏ.க்குப் போகலாம். தாங்காது என்றால் வேறு ஒழுங்கு இருக்கிறது. ஏ.ஏ.ரி.யை முடித்து, கணக்கு உதவியாளராகச் சம்பளத்துக்கு வேலைக்குப் போய், கடனை இறக்கியபின் அடுத்த படிக்கு ஏறலாம். அல்லது வேலை செய்யும் கம்பனியின் அனுபவத்தையே கணக்கில் எடுக்கும் தகைமையைத் தெரிவுசெய்யலாம். மூன்று வருடம் பிந்துவதால் ஒன்றும் குறையாது. இந்தப் படிப்பில் 30 வயதில் முடித்தவர் ஏராளம்.

வெளிநாட்டுத் தகைமை என்றால் நாணய மாற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஏ.சி.சி.ஏ., சீமா கட்டணங்கள் பிரித்தானியப் பவுணில். 2022 தொடக்கத்தில் 100 பவுண் கட்ட அண்ணளவாக 27,000 ரூபா போதுமாக இருந்தது. அதே வருட நடுப்பகுதியில் அது 40,000 ரூபாவைத் தாண்டியது. பரீட்சைக் கட்டணத்தோடு வருடாந்தச் சந்தாவும் உண்டு. அந்த வருடம் ஆயத்தமாக இருந்தும் பரீட்சை எழுதாமல் விட்ட இருவரைச் சந்தித்தேன். ஏற்கெனவே சித்தியடைந்த பாடங்களைக் காப்பாற்றச் சந்தாவை மட்டும் கடன்பட்டுக் கட்டியிருந்தார்கள்.

முழுப் பாடநெறிக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கும் வகுப்புகளிடம் அவதானம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் தாயின் தாலிக்கொடியை அடகு வைத்து மூன்று நிலைக்கும் சேர்த்துக் கட்டினான். முதல் நிலையோடு வகுப்பு நின்றுவிட்டது. பாடம் பாடமாகக் கட்டுவதே பாதுகாப்பு. ஏ.சி.சி.ஏ. படிப்பவர்களுக்கு ஓப்பன்டியூஷன் என்ற இணையத்தளம் விரிவுரைகளையும் குறிப்புகளையும் இலவசமாகத் தருகிறது.

நேரம்

கணக்காய்வு அலுவலகத்துக்கு ஒரு பருவகாலம் உண்டு. மார்ச் 31இல் ஆண்டு முடியும் கம்பனிகளின் கணக்குகள் ஏப்ரலிலிருந்து மேசைக்கு வரும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகள் ஐந்து மாதத்துக்குள் ஆண்டறிக்கை வெளியிட வேண்டும் என்பதால் ஓகஸ்ட் வரை மூச்சுவிட முடியாது. வருமான வரி விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. வரிப் பிரிவில் இருப்பவருக்கு அதற்கு முந்திய இரண்டு மாதங்கள் போய்விடும். டிசெம்பர் 31இல் ஆண்டு முடியும் வங்கிகளின் வேலையில் இருப்பவருக்குத் தைப்பொங்கலும் அலுவலகத்தில்தான்.

இந்த நாட்காட்டியைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் எந்தப் பாடத்தை எப்போது எழுதுவது என்று தீர்மானிக்க வேண்டும். நடு வருடத்தில் நடக்கும் பரீட்சைக்குக் கனமான இரண்டு பாடங்களை எடுத்தவர்கள் பலரும் இரண்டையும் இழந்திருக்கிறார்கள். அந்தத் தவணைக்கு ஒரு பாடம் போதும்.

தங்கச்சியின் கணக்கு எளிமையானது. வேலை நாட்களில் காலை 5.00 முதல் 6.15 வரை. ஐந்து நாளுக்கு ஆறேகால் மணித்தியாலம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணித்தியாலம். வாரத்துக்கு பதினொன்றேகால். 16 வாரத்துக்கு 180 மணித்தியாலம். ஒரு பாடத்துக்கு 90 என்றால் தவணைக்கு இரண்டு பாடத்துக்கு மேல் ஏலாது. இரவில் படிப்பதாகத் திட்டம் போட்ட நாட்களில் புத்தகத்தின் மேலேயே தூங்கியதால் இரவை அவள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கடைசி ஐந்து வாரத்தில் புதிதாக ஒன்றும் படிப்பதில்லை. நேரம் வைத்துப் பழைய வினாத்தாள் மட்டும்.

வராத பெறுபேறு

பாடசாலையில் என்றுமே தவறாத பிள்ளைதான் இங்கே முதன்முதலாகத் தவறும். வரிவிதிப்பில் அவள் தவறினாள், அந்த மார்ச் இரவில் வாசித்த அதே பாடத்தில். பெறுபேறு வந்த நாளில் தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்தாள். மறுநாள் சின்னம்மா என்னிடம் கேட்டது: “பிள்ளை சாப்பிட்டவளோ எண்டு கேட்டுச் சொல்லு.”

எங்கள் வீடுகளில் பிள்ளையின் பரீட்சை தனி ஒருவருடையது அல்ல. இழந்த தகப்பனுக்கும், போன காணிக்கும், படிக்காமல் விட்ட அண்ணனுக்கும் சேர்த்து அந்தப் பிள்ளை எழுதுகிறது. அந்தப் பாரம் சில நாட்களில் தூக்கிவிடும், சில நாட்களில் நசுக்கிவிடும். தொழில்சார் பரீட்சையில் ஒரு பாடம் தவறுவது சாதாரணம் என்பதை வீட்டார் முதலே தெரிந்துகொள்வது பெரிய உதவி. தவறிய பாடத்தை அடுத்த தவணையில் எழுதலாம். சித்தியடைந்தவை அப்படியே இருக்கும். காலவரையறை உள்ள தகைமைகளில் அதை மட்டும் கவனிக்க வேண்டும். ஏ.சி.சி.ஏ.யின் இறுதி நிலைக்கு ஏழு வருடம் என்பது அப்படியொன்று.

நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், யாரோடும் பேசாமல் ஒரு பிள்ளை இருந்தால் பாடத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கொழும்புக்கு அனுப்பும் பயம்

சின்னம்மா முதலில் மறுத்தார். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்புறம் பஸ்களில் ஏற்றி அனுப்பியதை அவர் மறக்கவில்லை. மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஆனால் தாய்மாரின் நெஞ்சில் அந்தப் பயம் நிற்கவில்லை. அதைப் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. முன்பு போன பிள்ளையின் போர்டிங், பெண் பிள்ளைகள் சேர்ந்து இருக்கும் வீடு, அலுவலகம் இரவு வேலைக்குப் பின் வாகனம் தருமா என்ற விபரம் போன்றவை கையில் இருந்தால் தாய் ஓரளவு அமைதியாவார். முதல் தடவை தாயையும் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுவது நல்லது. சின்னம்மா போய்ப் பார்த்தார். போர்டிங் அன்ரியோடு அரை மணித்தியாலம் பேசினார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

பதியும் முன் ஆவணங்கள்

இடம்பெயர்வில் சான்றிதழ்களைத் தொலைத்த குடும்பங்கள் இன்னும் உள்ளன. பரீட்சைப் பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இதைத் தேடக் கூடாது. பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களத்தில் இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழிலும் தேசிய அடையாள அட்டையிலும் பெயரின் எழுத்து வேறுபட்டால் முதலிலேயே திருத்துங்கள். முகாமில் அவசரத்தில் பதிந்த பெயர்களில் இந்தப் பிழை அதிகம். பத்து வருடம் கழித்து அங்கத்துவச் சான்றிதழில் விழப்போவது அந்தப் பெயர்தான்.

தங்கச்சியின் மூன்று வருடப் பயிற்சி முடிந்துவிட்டது. வரிவிதிப்பை இரண்டாம் தடவையில் எடுத்தாள். மேல்நிலையில் இரண்டு பாடம் இன்னும் பாக்கி. இப்போது ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் சம்பளத்துக்கு இருக்கிறாள். நுண்நிதிக் கடனின் கடைசித் தவணையைப் போன வருடம் கட்டினார்கள். சின்னம்மா அந்தப் பற்றுச்சீட்டை மடித்து, தகப்பனின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

சென்ற மாதம் ஊரிலிருந்து ஒரு பிள்ளை அவளுக்கு அழைப்பெடுத்து, உயர்தரம் முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்டதாம். அவள் அந்தப் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் பேசினாளாம். முதலில் கேட்ட கேள்வி, “பிறப்புச் சான்றிதழில பேர் சரியா இருக்கோ எண்டு பாத்தனியோ?”